ஒன்பதாம் படுக்கையில் அரை மணி நேரம்

பத்து பத்துக்கு மூச்சு இயந்திரத்தைக் கழற்றியாயிற்று, பத்து நாற்பது வரை பார்க்க வேண்டும், சுவர்க் கடிகாரத்தில் இப்போது பத்து பன்னிரண்டு, ஆக எமில்டா இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இந்த ஒன்பதாம் படுக்கைக்குப் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். நிற்பது அவளுக்குப் புதிதில்லை, பன்னிரண்டு வருஷம் நர்ஸாக நின்ற கால். சும்மா நிற்பதுதான் வரவில்லை. கை பரபரத்தது, போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தது, அது சரியாகத்தான் இருந்தது, மறுபடி இழுத்தது, பிறகு போக இடமில்லாமல் கோட்டுப் பைக்குள் போய்ப் பேனாவைப் பிடித்துக்கொண்டது. இந்த வெள்ளைக் கோட்டும் புதிதுதான், ஐசியூவில் நர்ஸே வைத்திய முடிவு எடுக்கப் பழக்குகிற மேற்படிப்பில் சேர்ந்த அன்று கொடுத்தது, ஒன்றரை வருஷமாகியும் தோள்பட்டை இன்னும் இரவல் மாதிரியே கிடக்கிறது. படுக்கையில் மாசானமுத்து அண்ணாச்சி, ஐம்பத்து நாலு வயது, வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிறவர், நிமோனியாவில் வந்து பத்து நாளாக வாயில் குழாயோடு கிடக்கிறார். அத்தனை நாளும் அவருக்காக மூச்சுவிட்ட வென்டிலேட்டர் ஒதுங்கி நிற்கிறது. குழாயின் நுனியில் ஆக்சிஜன் மட்டும்தான், மூச்சை அவரே இழுக்கிறார், அவரே விடுகிறார். அரை மணி நேரம் இப்படித் தாக்குப்பிடித்தால் குழாயை எடுக்கலாம். எடுக்கலாம் என்றால் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, அங்கேதான் வம்பு. போன செவ்வாய்க்கிழமையும் தாக்குப்பிடித்தார், எடுத்தார்கள், மூன்று மணி நேரத்தில் உதடு நீலம்பாரித்து, ஆறு பேர் சேர்ந்து அமுக்கி மறுபடி குழாயைப் போட வேண்டியதாயிற்று. காலைப் பிடித்துக்கொண்டவள் எமில்டா. அந்தக் கால் உதைத்த உதை இடது முழங்கையில் இன்னும் வலிக்கிறது.

இன்றும் எடுக்கவில்லை என்றால் நாளைக் காலையில் மூச்சுக்காகத் தொண்டையில் துளை போட்டுவிடுவார்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சொல்லியாயிற்று, அவர் நேரமும் கொடுத்துவிட்டார். துளை போட்டால் உயிருக்குப் பயமில்லை. எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறார்கள், எத்தனையோ பேருக்குப் பிறகு மூடியும் இருக்கிறார்கள். ஆனால் எத்தனை வாரம், பிறகு அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள், மண்டியில் நின்று கூவுகிற ஆளுக்குத் தொண்டையில் துளை. எடுத்து, செவ்வாய்க்கிழமை மாதிரி ஆகிவிட்டால்? இரண்டாம் தடவை அந்த நெஞ்சு தாங்குமா? காலையில் ரவுண்ட்ஸ் வந்தபோது டாக்டர் ஆவுடையப்பன், இந்த ஐசியூவுக்குப் பெரியவர், இவளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், ஃபைலை மூடி இவள் கையில் கொடுத்து, இன்றைக்கு இவள்தான் சொல்ல வேண்டும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில். “பத்தே முக்காலுக்கு வருவேன். எடுக்கலாம், இல்லேன்னா வேண்டாம். ரெண்டுல ஒண்ணு. ‘நீங்க சொல்லுங்க சார்’னு மட்டும் சொல்லாதிய.” இவள் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது, சிரித்தால் தைரியம் என்று நினைத்துக்கொள்வார். போன மாதம் இதே மாதிரி இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் நீங்க சொல்லுங்க சார் என்றுதான் வாயில் வந்தது, இரண்டு முறையும் அவர் முகம் சுருங்காமல் தானே சொல்லிவிட்டுப் போனார். முகம் சுருங்காததுதான் அவளுக்கு உறைத்தது.

முப்பத்தி நாலு. அண்ணாச்சியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, கண்ணைக் கைக்கடிகாரத்தில் நட்டு, ஒரு முழு நிமிடம் எண்ணினால் முப்பத்தி நாலு வருகிறது, முப்பத்தைந்தைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. பத்து பதினைந்து, முப்பத்தி நாலு என்று படிவத்தில் எழுதினாள். எழுதும்போதே மனசின் ஒரு மூலை ஆறுதல் அடைந்தது, அதையும் அவள் பார்த்துவிட்டாள். ஆக உனக்கு அவர் தோற்க வேண்டும், தோற்றால் நீ தப்பித்தாய், வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடலாம், நாளைக்குத் துளை போடுவது வேறு ஒருத்தர் கத்தி. சே, என்ன புத்தி இது. அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, பேச வழியில்லாத மனுஷனுக்கு மிச்சம் இருப்பது கண் மட்டும்தான், அது இமைக்காமல் இவள் உள்ளங்கையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தது, அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நர்ஸிங் பள்ளியில் முதல் வருஷம், முதல் மாதம், பாவாடை தாவணி வாசம்கூடப் போகாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், மூச்சை எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும், நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தப்பியதில்லை. வெள்ளைக் கோட்டைப் போட்டதும் டாக்டர் மாதிரி நெஞ்சில் கையை வைத்தாயாக்கும், உன்னை எண்ணுகிறேன் என்று விளம்பரம் செய்கிற மாதிரி. கையை எடுத்தாள். இரண்டு நிமிடம் மானிட்டர் வயரைச் சரிசெய்கிற மாதிரி நடித்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி எண்ணுகிற பாவனையில் ஜன்னலைப் பார்த்தாள், ஓரக்கண்ணில் நெஞ்சு ஏறி இறங்கியது. இருபத்தாறு. சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. எது நிஜம், பயந்த மூச்சா, பயப்படாத மூச்சா? குழாயை எடுத்தபிறகு அவர் பயப்படாமலா இருப்பார்?

எதிர்ப்பக்கத்தில் ராஜகனியக்கா ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டு நின்றாள், இன்றைக்கு இந்தப் படுக்கையின் நர்ஸ் அவள்தான், எமில்டாவைவிட எட்டு வருஷம் மூத்தவள். முன்பெல்லாம் ஏட்டி எமில்டா என்று ஒரே டப்பாவில் சாப்பிட்டவள், படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து டாக்டரம்மா என்கிறாள். அதில் பாதி கிண்டல், பாதி கோபம், எந்தப் பாதி எப்போது பேசுகிறது என்று பிரிக்க முடியாது. டாக்டர்களுக்கோ எமில்டா இன்னும் சிஸ்டர்தான். வீட்டில் அருள்ராயன், அவள் புருஷன், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் ஷிப்டு பார்க்கிற மனுஷன், போன வாரம் கேட்டான், பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் வார்டு இன்சார்ஜ் ஆகியிருப்பாய், இந்த வயசில் எதற்குப் பரீட்சையும் பயமும் என்று. நல்ல கேள்வி. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ராஜகனியக்கா அண்ணாச்சியின் பக்கம் குனிந்து, செவ்வாழைத் தார் ஒன்று வந்து நிற்கிறது, சீக்கிரம் எழுந்து வந்து ஏலம் போடாவிட்டால் நானே எடுத்துக்கொள்வேன் என்று என்னவோ சொன்னாள், அவர் கண்ணோரம் சுருங்கியது, சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். எமில்டாவுக்குப் பொறாமையாக இருந்தது. ஒன்றரை வருஷம் முன்பு அந்தப் பேச்சு அவளுடையது. இப்போது அவள் ஆளைப் பார்க்கிறாளா, எண்ணைப் பார்க்கிறாளா? இரத்த அழுத்தம் சரி, ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து, நெற்றியில் வியர்வை, வியர்வை இருக்கிறதா, இல்லை அது காலையில் துடைத்த ஈரமா, புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது, மூன்று விநாடி கழித்து நம்பாமல் மறுபடி தொட்டாள்.

பத்து இருபத்தாறு. படிவத்தை நிரப்பிவிடலாம், நிரப்பினால் மனசு அடங்கும். நாடி, மூச்சு, அழுத்தம், ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கினாள், கடைசிக் கட்டத்தில் ‘முடிவு’ என்று ஒரு வரி, கை நிற்காமல் அதையும் எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் படித்தாள். ‘டாக்டர் இன்ஃபார்ம்டு’, பக்கத்தில் நேரம். யாருக்கு என்ன தெரிவித்தாள்? டாக்டர் இன்னும் வரவே இல்லை. முகம் சூடானது, ராஜகனியக்கா பார்த்துவிட்டாளா என்று நிமிர்ந்தாள், பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுதிய வார்த்தை, மூளையைக் கேட்காமல் விரலே எழுதிவிடுகிறது. தெரிவிக்கப்பட்டது என்றால் பாரம் இறங்கியது, இனி அது தெரிவிக்கப்பட்டவர் தலைவலி. பிரேமலதாவின் ஷீட்டில் அதை மூன்று முறை எழுதினாள். அது முன்பு, வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, பெண்கள் அறுவை வார்டில் பதினாலாம் படுக்கை, முப்பத்தொரு வயது, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். மதியம் இரண்டு மணிக்கு மூச்சு கொஞ்சம் வேகம், போன் போட்டாள், பார்க்கலாம் என்றார் ட்யூட்டி டாக்டர், தெரிவிக்கப்பட்டது. மூன்றரைக்கு இன்னும் வேகம், தெரிவிக்கப்பட்டது. ஐந்து மணிக்கு அந்தப் பெண் எமில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர் என்றாள், இவளுக்குத் தெரிந்துவிட்டது, நோயின் பெயர் தெரியாவிட்டாலும் இது போகிற வழி என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது, தெரிந்தும் போய்ப் போனைத்தான் எடுத்தாள். தெரிவிக்கப்பட்டது. எட்டு மணிக்குப் பிரேமலதா இல்லை. விசாரணை வைத்தார்கள், டாக்டர் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறினார், எமில்டாவிடம் கேட்க ஒன்றுமே இருக்கவில்லை, எல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நர்ஸிங் சூப்பிரண்டு அந்த ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து, பெயரை மட்டும் மறைத்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் கொடுத்தார், ரெக்கார்டு என்றால் இப்படி எழுத வேண்டும், நாளைக்கு யாரும் உங்கள்மேல் விரல் நீட்ட முடியாது என்று. பிள்ளைகள் திரும்பி எமில்டாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் எழுந்து வணக்கம் வேறு சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கவும் செய்தாள். அந்தத் தூக்கத்தை இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. இந்தப் படிப்பு வந்தபோது முதல் ஆளாக விண்ணப்பம் போட்டதற்கு அருள்ராயனிடம் சொல்லாத காரணம் இதுதான், தெரிந்ததைச் செய்யவும் உரிமை வேண்டும் என்று நினைத்தாள். உரிமை கையில் வந்து நிற்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். பத்து முப்பத்தி மூன்று. இருமல் பார்க்க வேண்டும், சளியைத் தானே துப்பப் பலம் இருக்கிறதா என்று பார்க்க, குழாயின் வாய்க்கு ஒரு விரற்கடை தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்து இருமச் சொல்ல வேண்டும், அட்டை நனைந்தால் பலம் உண்டு. அட்டை இல்லை, மருந்து டப்பாவைக் கிழித்து உள்பக்கத்தைத் திருப்பினாள். அண்ணாச்சி, பலமா ஒரு இருமல் என்றாள், அவர் கண்ணை மூடி, தோளைக் குறுக்கி இருமினார், கட்டில் அதிர்ந்தது, அட்டையில் மூன்று பொட்டு ஈரம். மூன்று. நனைந்தால் என்று புத்தகம் சொல்கிறது, எவ்வளவு நனைந்தால் என்று சொல்லவில்லை, எழுதினவனுக்கு என்ன, அவன் கட்டிலுக்குப் பக்கத்திலா நின்றான். மூன்று பொட்டு போதுமா, செவ்வாய்க்கிழமை எத்தனை பொட்டு, அன்றைக்கு யாரும் அட்டை பிடிக்கவில்லை. இன்னொரு தடவை இருமச் சொல்லலாம், சொன்னால் களைத்துவிடுவார், களைத்தால் மூச்சு ஏறும். எத்தனை தடவை பார்த்தால் பயம் போகும்? பார்க்கப் பார்க்கக் கூடுகிற பயம் இது. வெளியே வராந்தாவில் இசக்கியம்மாள், இவர் சம்சாரம், பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பதினொரு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். அவளுக்கு இந்த அரை மணி நேரம் நடப்பதே தெரியாது. தெரியாதவள் கொடுத்துவைத்தவள் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் அது எவ்வளவு கேவலமான நினைப்பு என்றும் பட்டது.

பத்து நாற்பதுக்கே ஆவுடையப்பன் வந்துவிட்டார், ஐந்து நிமிடம் முன்னதாக. அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் அவள் முடிவைத் தள்ளிப்போட்டிருந்தாள், அது போயிற்று. அவர் அவளைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்தார், விரல் முப்பத்தி நாலில் நின்றது, பிறகு அடித்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது. என்ன சொல்லுதிய என்றார். எடுக்கலாம் சார் என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“நான் வேண்டாம்னு நெனைக்கேன்,” என்றார் அவர்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை, தான் சொல்வது தப்பாக இருக்கும் என்று ஆயிரம் தடவை பயந்தவள், அவர் இத்தனை சீக்கிரம் வேறாகச் சொல்வார் என்று பயப்பட மறந்திருந்தாள். சரி சார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் பெரியவர், இருபது வருஷ அனுபவம், நாளைக்குத் துளை, யாரும் விரல் நீட்ட முடியாது. அப்போதுதான் அவர் கையைக் கவனித்தாள், ஸ்டெதஸ்கோப்பின் குழலை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எடுக்கச் சொன்னவர் இவர்தான். உதடு நீலமானபோது குழாயைத் திரும்பப் போட்டதும் இவர்தான், போட்டுவிட்டு கை கழுவுகிற இடத்தில் ரொம்ப நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். இவருக்கும் பயம். இத்தனை படித்தவருக்கும் பயம் இதே மாதிரிதான் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. போய் நிற்க ஒரு நிழலும் இல்லாத மாதிரி இருந்தது.

“முப்பத்தி நாலு நான் நெஞ்சுல கை வச்சு எண்ணினது சார், அவருக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாம எண்ணினா இருபத்தாறு. செவ்வாக்கிழமை காலையில தலவாணி உறை மாத்தினேன், நான்தான் தலையத் தூக்கிப் பிடிச்சேன், கல்லு மாதிரி கனத்துச்சு. இன்னைக்கு ராஜகனியக்கா மாத்தும்போது அவரே தூக்கிக் குடுத்தாரு. அன்னைக்கு அரை மணிக்கு ஒருக்கா சளி எடுத்தோம். நேத்து ராத்திரியிலேருந்து மூணு தடவதான்.”

“ஆமா சார், மூணுதான்,” என்றாள் ராஜகனியக்கா, சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“திரும்பவும் மூச்சு அடைச்சா?”

“அடைச்சா நான் சொன்னதுதான் சார் தப்பு.”

இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவள் பதறுவதற்குள் அவர் தலையாட்டிவிட்டார். மறுபடி குழாய் போடுவதற்கான தட்டைப் பக்கத்தில் எடுத்து வைக்கச் சொன்னார், அவசர மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி வைக்கச் சொன்னார், தான் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். எடுங்க என்றார். ஒவ்வொன்றாக அவள் கை செய்தது, சளியை உறிஞ்சி எடுத்தது, பிளாஸ்திரியை உரித்தது, உள்ளே குழாயைப் பிடித்திருக்கும் காற்றை இறக்கியது, அண்ணாச்சி, இப்ப ஒரு பெரிய மூச்சு எடுத்து இருமணும் என்றாள், அவர் இருமினார், குழாய் வழவழவென்று வெளியே வந்தது, ஒரு விநாடி, இரண்டு விநாடி நெஞ்சு அசையவில்லை, எமில்டாவுடையதும் அசையவில்லை, பிறகு கரகரவென்று ஒரு இருமல், ஒரு மூச்சு, அடுத்த மூச்சு. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துக் கட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தெட்டு. உதட்டைப் பார்த்தாள். கறுத்த உதடு, எப்போதும் இப்படித்தானா, பீடி குடிக்கிறவர், நகத்தைப் பார்த்தாள், மறுபடி உதட்டைப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆவுடையப்பனும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது, போக வேண்டியதாயிற்று. போகும்போது, ஏதாவது ஆனால் முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுத்தான் மோசமானது. இப்போது பதினைந்து நிமிடம் ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம், அதற்கப்புறம் இரண்டு நாள், இரண்டு நாள் தாண்டினால்தான் ஜெயித்ததாகக் கணக்கு. பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாளே, சொன்னதோடு பாதி தீரும் என்று நினைத்தாளே, அது இப்போதுதான் சம்மணம் போட்டு உட்காருகிறது.

பதினொன்று அடித்ததும் இசக்கியம்மாள் வந்தாள், மெலிந்த உடம்பு, காலில் உறை போடச் சொல்லிக் கொடுத்ததைக் கையில் பிடித்திருந்தாள். வாயில் குழாய் இல்லாததைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் குழாய் இல்லாமல் பார்த்தாள், பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சி கொடுக்கலாமா என்றுகூடக் கேட்டாள், அதற்குப் பிறகுதான் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மெல்லக் கிட்டே வந்து புருஷன் காலைத் தொட்டாள், அவர் மாஸ்க்குக்குள் உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. அவள் எமில்டாவின் பக்கம் திரும்பினாள். யார் எடுக்கச் சொன்னது, பெரிய டாக்டரா என்று கேட்டாள்.

ஆமாம் என்றாலும் பெரிய பொய் ஆகிவிடாது, அவரும்தானே நின்றார், அவர் எடுங்க என்றதால்தானே எடுத்தது. இந்தப் பொம்பளைக்கும் அதைக் கேட்டால் நெஞ்சு ஆறும். ராஜகனியக்கா சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு இவளைப் பார்த்தாள்.

“நான்தாம்மா சொன்னேன்.”

இசக்கியம்மாள் அவளை வெள்ளைக் கோட்டிலிருந்து செருப்புவரை பார்த்தாள், கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள், படிக்கத் தெரிந்ததோ இல்லையோ. “நீங்க டாக்டரா?”

“இல்லம்மா. நர்ஸ்தான்.”

கத்துவாள், பெரிய டாக்டரைக் கூப்பிடு என்பாள் என்று எமில்டா காத்திருந்தாள், அதற்கு என்ன பதில் என்றுகூட மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள், சேலை முந்தானையால் புருஷனின் நெற்றியை ஒற்றினாள், பிறகு இரண்டு விரலால் எமில்டாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நீங்க எங்கயும் போவக் கூடாது,” என்றாள். “இங்ஙனயே நில்லுங்க.”

எமில்டா நின்றாள். கேன்டீனுக்கு அழைக்க வந்தவர்களிடம் வரவில்லை என்று தலையசைத்தாள். இசக்கியம்மாளை வெளியே அனுப்பும் நேரம் வந்தபோதும் அந்தக் கோட்டு நுனியை விடுவித்துக்கொள்ள அவள் ஒன்றும் செய்யவில்லை.